ஓமந்தைக்குத் திரும்பிப் போன மெத்தை

கிறீச், கிறீச் என்று சுருள்கம்பி துள்ளும் சத்தம்தான் முதலில் வரும். மெத்தை ஏற்றிவரும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பிறகுதான் வளைவில் தெரியும். நெளுக்குளத்துப் பக்கம், பழைய மெத்தை சேர்க்கும் கொட்டிலில் பொழுதுபட்டதிலிருந்து விடியும்வரை எனக்கு வேலை. மெத்தையைக் கிழித்துத் தேங்காய்த் தும்பு வேறு, பஞ்சு வேறு, கம்பி வேறாகப் பிரிக்கவேண்டும். விடிய வீட்டுக்குப் போய் நித்திரை வராமல் புரளவேண்டும். இரவு வேலைக்காரரே, உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எல்லாம் தேத்தண்ணி

மெத்தையை ஒருவரும் வெளிச்சத்தில் கொண்டுவருவதில்லை. மைம்மல் இருட்டில், சேலையால் போர்த்தி, கறைப் பக்கம் கீழே. ஒரு ரீச்சர் நான் கேட்காமலே சொன்னா, அது பிள்ளைகள் ஊற்றிய தேத்தண்ணி என்று. புரட்டிப் பார்த்தேன். அவ்வளவு தேத்தண்ணி ஒரு கலியாணவீட்டுக்கே போதும். படலைவரை போனவ திரும்பி நின்றா: “சீனி போடாத தேத்தண்ணி, தம்பி. எறும்பு வராது.”

யானைக் காவல் அண்ணை

வாங்கிய உடனே மெத்தையின் குறுக்கே கத்தியால் கீறவேண்டும். மூட்டைப்பூச்சியோடு அது இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாதாம். ஓமந்தை அக்கா ஒருவ கொண்டுவந்த தும்பு மெத்தையையும் கீறி வைத்தேன். மூன்றாம் நாள் அவவின் மனுசன் கண் சிவக்க வந்து நின்றார். இரவெல்லாம் வயலில் யானைக்குக் காவல், பகலில்தான் படுக்கை. மனுசி வாங்கிய புது மெத்தையில் மூன்று நாளாக நித்திரை இல்லை. காவலில் ஒருதரம் கண்ணயர்ந்தால் அந்தப் போகமே யானைக்குத்தான். “பழசிலை என்ரை இடுப்புக்கு ஒரு குழி இருக்கு, தம்பி. பத்து வருசமாப் படுத்துப் படுத்து எடுத்தனான்.”

கொப்பியில் இல்லாத நிரல்

கீறியதைத் திருப்பிக் கொடுக்க ஏலாது என்றா, எங்கள் மேற்பார்வை மிஸ். அண்ணை கதிரையை விட்டு எழும்பவில்லை. மிஸ் அவரின் சிவந்த கண்ணைப் பார்த்தா. மரக்கன்றுகளுக்கு அடியில் போட, வயல் தோட்டம் செய்யும் கமக்காரருக்குத் தும்பு கொடுப்பது எங்கள் வழக்கம். அந்தக் கணக்குக் கொப்பியை இழுத்தா. “அண்ணை கமக்காரர்தானே, தும்பெண்டு எழுதுறன். எதுக்குள்ளை வைச்சுக் கொண்டுபோறாரெண்டு எழுத இதிலை நிரல் இல்லை.”

குழி குலையாமல் சாக்கு ஊசியால் தைத்துக் கொடுத்தேன். அடுத்த கிழமை அக்கா வந்தா. ஏச்சு விழப்போகுது என்று நின்றேன். “மனுசன் நல்லா நித்திரை கொள்ளுறார், தம்பி. புதுசிலை நான் தனியப் படுக்கிறன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல சுகம்.”

மெத்தையை அழிக்கச் சம்பளம் வாங்குகிறவன் ஒன்றைக் காப்பாற்றிவிட்டேனே என்று யோசித்தபடி, அடுத்ததைப் புரட்டிப் போட்டுக் கீறத் தொடங்கினேன்.