பின்பக்கம் பார்த்த சீட்டு

எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களில் எங்கள் பக்கத்தில் முதன்முதலில் முதுகு சாயும் சீட்டு வைத்தவன் நான். அரியலூர் சிமெண்டு லாரிகளில் டிரைவர் காலை நீட்டிப் படுக்கிற மாதிரி பலகை அடித்துக் கொடுத்தவன் நான். பாடாலூரில் ஒரு பழைய வேனை உள்ளே மொத்தமாகப் பிரித்து, சமையல்காரர்களும் பாத்திரங்களும் ஒன்றாகப் போகிற வண்டியாக மாற்றியபோது, "இது நகந்தாப் பாக்கலாம்" என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள்தான் பிறகு தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அதே வண்டியைக் கேட்டு வந்து நின்றார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அளவு நாடாவில் இருக்கிற எண் தெரியும். மற்றதெல்லாம் கை கற்றுக்கொண்டது. பெரம்பலூரில் துறையூர் ரோட்டில் இன்றைக்கு என் பட்டறை நிற்கிறதென்றால் யார் தயவிலும் நிற்கவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் இத்தனையும் செய்த நான் என் அக்காவுக்காகப் போட்ட ஒரு சீட்டைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா குரும்பலூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகன் கார் வாங்கினான். வேன் போல உயரமான வண்டி. பின்னால் சாமான் வைக்க நல்ல இடம், பின்கதவில் அகலமான கண்ணாடி. முதல் பூஜைக்குச் சிறுவாச்சூர் கோயிலுக்குக் கிளம்பினார்கள். எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டி ஓரடி நகர்ந்ததும் எல்லோரும் ஏறினார்கள். மகன் ஸ்டியரிங்கில், பக்கத்தில் அக்கா வீட்டுக்காரர், பின்னால் மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும். ஐந்து இடமும் நிறைந்துவிட்டது. புளிசாதத் தூக்குவாளியோடு நின்ற அக்கா அதை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தாள். "நீங்க போயிட்டு வாங்க. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றாள். மாட்டை விற்று வெகுகாலம் ஆகியிருந்தது. வண்டிக்குள் இருந்த ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பும்வரை கையாட்டிக்கொண்டே நின்றாள். "எந்த மாட்டுக்குக்கா?" என்று கேட்டேன். "உனக்கு ஒண்ணு போதும்டா, குத்திக் காட்ட. வா, காப்பி போடுறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரமே வண்டியைப் பட்டறைக்கு வரச் சொன்னேன். பின்னால் ஒரு சீட்டு போடப்போகிறேன் என்றதும் அக்கா மகன் சாவியைக் கொடுக்கவே தயங்கினான். "மாமா, புது வண்டிய நோண்டாதீங்க. ஆர்.சி.ல அஞ்சு பேருன்னுதான் போட்டுருக்கு" என்றான். "அஞ்சு பேருதான்டா மாப்ள. அந்த அஞ்சுல உங்கம்மா ஏன் இல்ல?" என்றேன். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டான். நான் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். முன்பக்கம் பார்த்து வைத்தால் அக்காவின் முழங்கால் நடுசீட்டில் இடிக்கும். ஏற்கெனவே மூட்டுவலிக்காரி. பின்கதவுப் பக்கம் தரை சற்றுப் பள்ளமாக இருந்தது. சீட்டைத் திருப்பி வைத்தால் காலைத் தொங்கவிட்டு உட்காரலாம். அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது அது. எந்தக் கம்பெனிக்காரனும் சொல்லித் தரவில்லை. வெறும் தகட்டில் போல்ட் போட்டால் பிய்த்துக்கொண்டு வரும் என்பதால், அடியில் போகும் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து முறுக்கினேன். பெல்ட்டும் வைத்தேன். பஞ்சு இரண்டடுக்கு, மேலே சிவப்பு ரெக்ஸின்.

அக்கா முதல்தடவை ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எல்லாரும் போற பக்கம் பாத்துட்டுப் போவாங்க. என்னைய மட்டும் வந்த பக்கம் பாக்க வச்சிட்டியேடா" என்றாள். ஆனால் அதன்பிறகு எந்தப் பயணத்திலும் அவள் வீட்டில் தங்கவில்லை. மகளை அரியலூரில் கொடுத்திருந்ததால் மாதத்தில் பல நாள் அந்த ரோட்டில்தான் போக்குவரத்து. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடுகிற ரோடு. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு எதிரே வருவது தெரியாது. அக்காவுக்கும் தெரியாதுதான். ஆனால் மகன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டி தளர்கிறபோது அவள் உடம்புக்கு அது தெரிந்துவிடும். உள்ளங்கையை விரித்து, நில் என்று காட்டுவாள். வழி கிடைத்ததும் போ என்று விரலை அசைப்பாள். அந்த ரோட்டில் தினம் போகிறவர்கள் அவள் கையைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். கடந்து போகும்போது தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். யாருக்கும் அவள் பெயர் தெரியாது.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு அந்தச் சீட்டில் யாரும் உட்காரவில்லை. பிள்ளைகள் பையைக்கூட அதில் வைக்கவில்லை. நான்காவது மாதமோ ஐந்தாவது மாதமோ, அவளுக்குப் படையல் போட்ட அன்று நானும் குரும்பலூரில் இருந்தேன். மதியம் ஒரு பள்ளிக்கூடத்து சார் வாசலில் வந்து நின்றார். வரதராசன்பேட்டைப் பக்கத்துக்காரர், கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. வெளியே நின்ற காரை அடையாளம் கண்டு வந்திருந்தார். "அம்மா இருக்காங்களா? நேத்து ரோட்டுல கை காமிச்சாங்க. நான் முந்தலாம்னு ஏறிட்டேன். அவங்க இப்படிக் கையக் காமிச்சதும் பிரேக் போட்டேன். லாரி உரசிட்டுப் போச்சு. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பேசிக்கொண்டே கூடத்துக்குள் எட்டிப் பார்த்தவர், மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டார். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா மகன் வெளிறிப்போய், "நேத்து நான் தனியாத்தான் வந்தேன் சார்" என்றான்.

அவர் போனபிறகு அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "கழட்டிடுங்க மாமா. முன்னாடி இருக்கற கண்ணாடியத் திருப்பி வச்சிட்டுத்தான் ஓட்டுறேன். பாத்தா அம்மா கொண்டை தெரியுது." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சீட்டைக் கழற்றினால் அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே இடமும் போய்விடும். அதை அவனிடம் எப்படிச் சொல்வது? "கழட்டுறேன். முதல்ல அரியலூர் வரைக்கும் ஓட்டு. நான் அதுல உக்காந்து வரேன்" என்றேன்.

உட்கார்ந்தபோது பஞ்சு எனக்காக அமுங்கவில்லை. அவள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. நான் அதற்குள் பொருந்தினேன். வண்டி கிளம்பியதும் மரம், கடை, ஆள் எல்லாம் என் தோளுக்குப் பின்னாலிருந்து திடீரென்று வந்து, சுருங்கிச் சுருங்கி மறைந்தன. பாதி வழியில் ஒரு மோட்டார் சைக்கிள் பின்னால் வந்தது. புருஷன் பெண்டாட்டி, நடுவில் குழந்தை. அவன் வெளியே எடுத்து முந்தப் பார்த்தான். நான் குழந்தையின் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி தளர்ந்ததை நான் கவனிக்கவே இல்லை. என் வலதுகை எழுந்து, உள்ளங்கை விரிந்து, கண்ணாடியில் போய் நின்றது. அவன் பின்வாங்கினான். லாரி எங்களைத் தாண்டிப் போனதில் கண்ணாடி அதிர்ந்தது. பிறகுதான் பார்த்தேன், கை இன்னும் அங்கேயே இருந்தது. நான் தூக்கவில்லை. இந்த வயதில் இதைப் பொய்யாகச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கடந்து போனவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

"வண்டியத் திருப்பு" என்றேன். "கழட்டலியா மாமா?" என்றான். "என் உசுரு இருக்கறவரைக்கும் அந்த போல்ட்டுல எவனும் ஸ்பேனர் வைக்கக்கூடாது."

சீட்டு இருக்கிறது. இப்போது அக்கா மகனுக்குப் பயம் தெளிந்துவிட்டது. கேட்பவர்களிடமெல்லாம் அம்மா காவல் இருக்காங்க என்கிறான். மருமகள் சிறுவாச்சூர் ஆத்தா மகிமை என்கிறாள். போன மாதம் பின்கண்ணாடியில் 'அன்னையின் ஆசி' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டட்டும். ஆனால் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிறவன்கூட ஒரு மூலையில் தன் பெயரை எழுதிவிட்டுத்தான் வண்டியை வெளியே விடுகிறான். அந்த எழுத்துக்குக் கீழே, சின்னதாகவாவது, 'சீட்டு போட்டவர்: தம்பி' என்று எழுதச் சொல்கிறேன். உங்களில் யாருக்கும் அவளுக்கு ஓர் இடம் வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. அவள் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்கிறீர்கள் அல்லவா? உட்கார வைத்தவன் நான். எழுதுங்கள்.