ஏரிக்குள் கட்டிய பாவு

என் தறிக்குழியின் உள்சுவரில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, ஓர் ஆணி இருக்கிறது. அதை அடித்தது என் வீட்டுக்காரர் இல்லை, தச்சரும் இல்லை. ஒரு கார்த்திகைக் காலையில் எங்கள் தெருவுக்கு வந்த ஏரி ஓவர்சியர் அம்மா. அவருக்கு முன்பும் அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். வெள்ளத்துக்கு மறுநாள் வருவார்கள், வாசலில் நின்றபடியே எழுதிக்கொள்வார்கள், போய்விடுவார்கள். இந்தம்மா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் உட்கார்ந்து நெய்கிற பலகையில் உட்கார்ந்து, சேலையை ஏற்றிப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் குழிக்குள் விட்டார். குழி நிறையத் தண்ணீர், மிதிக்கட்டைகள் மிதந்துகொண்டிருந்தன. ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை. எத்தனை நாள் இப்படி நிற்கும் என்று கேட்டார். பதினைந்து நாள் என்றேன். என்னிடமே ஒரு ஆணியும் சுத்தியலும் கேட்டு வாங்கி, தண்ணீர் நின்ற மட்டத்தில் அடித்துவிட்டுப் போனார்.

ஆரணியில் குழித்தறி போட்டவர்களுக்கு வெள்ளம் வாசல் வழியாக வருவதில்லை. தெரு நனைவதற்கு முன்பே குழிக்குள் ஊறிவிடும். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலைச் சுருட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தெருவுக்கு மேற்கே இருக்கும் ஏரி வருஷக்கணக்காகத் தூர்ந்து போய்க் கிடந்தது. இரண்டு நாள் மழைக்கே நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலங்கல் வழியாக வழிந்து, நேராக எங்களைத் தேடி வரும். அந்த ஏரியை ஆழப்படுத்திக் கரையை உயர்த்தப் போகிறார்கள் என்றதும் தெருவே குளிர்ந்து போனது. அந்தச் சந்தோஷத்தில் மண்ணை அள்ளிப் போட்டதும் இதே ஓவர்சியர் அம்மாதான். ஏரி நடுவில் நாட்டுக் கருவேல மரங்கள் அடர்த்தியாக நின்றன. நத்தைக்குத்தி நாரையும் கொக்கும் அவற்றில்தான் கூடு கட்டும். அந்த மரங்களைத் தொட மாட்டோம், அந்த இடத்தைத் தோண்டாமல் திட்டாக விட்டுவிடுவோம் என்றார். குஞ்சுகள் பறக்கும்வரை மண் அள்ளும் இயந்திரம் அந்தப் பக்கமே போகாது என்றும் சொன்னார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோயில் முன்னால் கூட்டம் போட்டபோது எல்லோரும் என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். நானும் விடவில்லை. “கொக்கு முட்ட வெக்கிறதுக்கு எங்க வூட்ல தண்ணி நிக்கணுமா மேடம்?” என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. அவர் முகம் சிவந்தது, ஆனால் குரல் உயரவில்லை.

“உங்க குழியில கால வுட்டுப் பாத்தவ நான். தண்ணிக்கு எடம் நான் காட்றேங்க அக்கா. மரத்த மட்டும் கேக்காதீங்க.”

ஏரியின் மேற்குக் கோடியில் சீமைக் கருவேலம் மண்டிப் புதராகிக் கிடந்த மேட்டைக் காட்டி, திட்டுக்கு விட்டதைப்போல் இரண்டு பங்கு மண்ணை அங்கே எடுத்துவிடலாம் என்றார். காகிதத்தில் கணக்குப் போட்டும் காட்டினார். காகிதத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றேன். அப்போதுதான் அவர், வீணாய்ப்போன பாவு நூல் யாரிடமாவது இருக்குமா என்று கேட்டார். பக்கத்து வீட்டில் சாயம் கெட்டுப்போன பாவு ஒன்று மூலையில் கிடந்தது. அதை நாலு புரியாக முறுக்கிக்கொண்டு மறுநாள் பத்துப் பெண்கள் காய்ந்த ஏரிக்குள் இறங்கினோம். தெருவில் பாவு போடுகிற மாதிரியே கொம்பு நட்டு, அந்த மரக்கூட்டத்தைச் சுற்றி வளைத்துக் கட்டினோம். அதே நீளத்துக்கு இன்னும் இரண்டு நூல் எடுத்துப் போய் மேற்கு மேட்டில் இரண்டு வட்டம் போட்டோம். வட்டம் இரண்டும் போட்ட பிறகும் மேடு மிச்சம் இருந்தது. என் கையால் இழுத்துக் கட்டிய நூல். அதை எப்படிப் பொய் என்பேன்? வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுசில் அது அபூர்வம் என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் கிண்டல் செய்வார்.

மேற்கு வட்டங்கள் இரண்டையும் இயந்திரம் வெட்டி எடுத்துக்கொண்டு போனது. மரத்தைச் சுற்றிய நூலை மட்டும் ஓவர்சியர் அம்மா அவிழ்க்க விடவில்லை. அதன் காரணம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தால் அதை யாரும் தாண்ட மாட்டார்கள். சைக்கிள் சுற்றிக்கொண்டு போகும், கல்யாண ஊர்வலம்கூட நின்று போகும். அந்தம்மா கோயில் கூட்டத்துக்கு ஜீப்பில் வந்தபோது தெருவில் பாவு நீட்டியிருந்ததால், வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தவர். எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்கிறார். விறகு பொறுக்கப் போன எங்கள் தெருப் பெண்கள் அந்த நூலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள்.

வைகாசியில் ஒரு மத்தியானம், ஓவர்சியர் அம்மா செய்யாறு போயிருந்த நேரம், மழை சீக்கிரம் வந்துவிடும், வேலை ஜல்தியாக முடியட்டும் என்று இயந்திரக்காரர் வண்டியை மரங்களை நோக்கித் திருப்பினார். கூட்டில் குஞ்சுகள் இன்னும் இருந்தன. நான் கரைமேல் நின்றிருந்தேன். எப்படி இறங்கினேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. நூலுக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். அவர் இறங்கி வந்து, இந்த மரத்தை வெட்டச் சொல்லிச் சண்டை போட்டதே நீங்கள்தானே அக்கா என்று கேட்டார். உண்மைதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

“சண்ட போட்டது நாந்தான். பாவு கட்டனதும் நாந்தான். இதத் தாண்டாதே,” என்றேன்.

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். கொக்குமேல் அன்றைக்கு எனக்குப் பாசம் பொங்கியதா என்றால், இல்லை. கட்டிய பாவை ஒருவர் மிதித்துப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். பாசம் பிறகு வந்தது. குஞ்சுகள் கிளைநுனிக்கு வந்து இறக்கையை உதறிப் பழகுவதைத் தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கடைசிக் குஞ்சும் பறந்த பிறகு திட்டைச் சுற்றி வேலை முடிந்தது. எடுத்த மண்ணெல்லாம் கரைக்கு ஏறியது. புரட்டாசியில் ஓவர்சியர் அம்மாவுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ஏரி நிறைவதை அவர் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

அந்தக் கார்த்திகையில் மழை நாலு நாள் விடாமல் ஊற்றியது. தெருவில் எல்லோரும் பழக்கத்தில் பாவைச் சுருட்டினார்கள். நான் சுருட்டவில்லை. பயம் இல்லாமல் இல்லை, வீம்பு. ஐந்தாம் நாள் காலை ஏரிக்குப் போனோம். தண்ணீர் கலங்கலின் தலைக்கு இரண்டு சாண் கீழே நின்றிருந்தது. நடுவில் திட்டு தீவாகிவிட்டது. நாய் போக முடியாது, ஆள் போக முடியாது. மரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக நாரைகள். மழையில் நனைந்த எங்கள் நூல் நைந்து தண்ணீரில் கிடந்தது. அங்கேயே நின்று ஓவர்சியர் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

எடுத்ததும் அவர் கேட்டது: “அக்கா, குழியில தண்ணி வந்துச்சா?”

குழி காய்ந்தே கிடக்கிறது என்று சொல்லத்தான் போன் போட்டேன். வாயில் வந்ததோ வேறு. “எல்லாம் வந்துட்ச்சுங்க மேடம். போன வருசத்த வுட ஜாஸ்தி. கூடு கட்டிகினு இருக்குது,” என்றேன். அவர் அழுதாரோ என்னவோ. நான் அழுதேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ மழை வந்துவிட்டது. இந்த வருஷமும் ஏரி நிறைந்திருக்கிறது, மரத்தில் இடமில்லாமல் பறவைகள் சண்டை போடுகின்றன. வந்தவாசியிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தால் முதலில் கரைக்குத்தான் கூட்டிப்போகிறேன். நாங்கள் விட்ட திட்டு என்று சொல்லும்போது என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்கிறது. கேட்கட்டுமே. காலையில் பலகையில் உட்கார்ந்து குழிக்குள் காலை விடும்போது, கணுக்கால் அந்த ஆணியில் உரசும். போன தீபாவளிக்குச் சுவர் பூசிய கொத்தனார் அதைப் பிடுங்கப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டேன். ஆணியைச் சுற்றிப் பூசினார். கீழே என் பாதம் படுகிற மண் காய்ந்து, வெதுவெதுப்பாக இருக்கிறது.