சுரண்டி வைத்த சுவர்

வெள்ளையடித்தவன் பேரை ஊர் சொல்லும். அதற்கு முன்னால் நாலு நாள் சுவரைச் சுரண்டியவனை அந்த வீட்டு நாய்க்குக்கூடப் பிடிக்காது. அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் இந்த இரண்டு வேலையும் நானே பார்த்தேன். சாரத்தில் ஏறிப் பழைய சுண்ணாம்பைத் தகட்டால் சுரண்டி, தேங்காய் நாரால் தேய்த்து, விரிசலை அடைத்து, பிறகுதான் பூசுவேன். மூக்குக்குள் சுண்ணாம்புத் தூள் போனவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

வெயிலே போதும்

தண்டபாணி என்பவர் பீங்கான் கம்பெனியில் சூளை மேஸ்திரி. மகள் செல்விக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் வெளிச்சுவரைப் பளிச்சென்று ஆக்கிவிட ஆசைப்பட்டார். முதலில் சுரண்ட வேண்டும் என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்று, கம்பெனியில் கழித்துப் போட்ட வெள்ளைக் களிமண்ணை ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினார்.

"கோப்ப மேல பூசுனது வுழுதா? செவுத்துல மட்டும் ஏன் வுழப்போவுது?" என்றார்.

"கோப்பைய சூளையில வேக வெக்கிறீங்க மேஸ்திரி. வூட்ட எதுல வெப்பீங்க?" என்று கேட்டேன்.

தொழில் தெரிந்த மனுஷன். கொஞ்சம் யோசித்தார். "சித்திர வெயிலு போதும்யா, பூசு."

முதல் மழை

ஐப்பசி வரைக்கும் அந்தத் தெருவிலேயே வெள்ளையான வீடு அதுதான். திட்டக்குடியிலிருந்து பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சுவர் கரைந்து வாசற்படியில் வழிந்தது. மாப்பிள்ளையின் அம்மா வழுக்கி விழுந்தார். கடிதம் போடுகிறோம் என்று போனவர்கள் போடவில்லை.

மறுநாள் சேதி கேட்டு ஓடினேன். எனக்கே மனசு ஆறவில்லை. கூலிக்காரன்தானே என்று பூசாமல், முடியாது என்று அழுத்திச் சொல்லியிருக்கலாம். செல்வி படியில் ஒட்டிய களிமண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள், என்மேல் கோபப்படவில்லை. "அடுத்த தடவ சொரண்டிட்டுப் பூசுங்கண்ணே. வுழுவுறது மொதல்லயே வுழட்டும்."

கார்டுக்கு முந்தி வந்தவர்கள்

அடுத்தது ஸ்ரீமுஷ்ணத்து வரன். தை மாதம், வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை திங்கட்கிழமையே சாரம் கட்டி ஆரம்பித்தேன். பத்துப் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு அடுக்கடுக்காக இருந்தது. புதன்கிழமை மத்தியானம் வீடு அம்மை வார்த்த முகமாக நின்றது. செங்கல் தெரிந்தது; ஜன்னலுக்கு மேல் ஒரு விரிசல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றார்கள். தேதியை மாற்றி அவர்கள் போட்ட தபால் கார்டு மறுநாள்தான் வந்து சேர்ந்தது. மேஸ்திரிக்கு வாய் குழறியது. அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நானே உதிர்ந்துவிடுவேன் போலிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா நேராக வந்து விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இந்த வரனும் என்னால் போயிற்று என்று சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவர், மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "விரிசலக்கூட மூடி வெக்காத வூடுங்க இது. பொண்ணப் பத்தி என்னத்த மறைக்கப் போறீங்க? முடிச்சிக்கலாம்."

சம்பந்தி வீடு

கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து மேஸ்திரியின் அந்தச் சம்பந்தியே ஸ்ரீமுஷ்ணத்துக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார். "முன் செவுத்துல தகட்ட வெக்காத, மேலாப்புல பூசிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு எங்கோ கிளம்பினார். கை சும்மா இருக்குமா? ஒரு இடத்தில் லேசாகத் தகட்டை வைத்தேன். முறம் அகலத்துக்கு ஒரு பத்தை பெயர்ந்து விழுந்தது. உள்ளே கூரையிலிருந்து தரை வரைக்கும் விரிசல். பழந்துணியும் சோப்புக்கட்டியும் திணித்து மேலே சுண்ணாம்பு அடித்திருந்தது. நம்முடைய மேஸ்திரி இங்கே மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தபோது இந்தச் சுவர் எப்படிப் பளபளத்திருக்கும் என்று புரிந்தது.

செல்வி இடுப்பில் பிள்ளையோடு மோர் கொண்டுவந்தாள். விரிசலை மேலிருந்து கீழ் வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். "மூடிரட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"முழுசா சொரண்டுங்கண்ணே. எங்க அப்பா வூட்டு விரிசல மட்டுந்தான் எல்லாரும் பாத்திருக்காங்க. மாமா சாயங்கால பஸ்ஸுக்குத்தான் வருவாங்க."

அன்று பஸ் வருவதற்குள் அந்தச் சுவர் முழுவதையும் சுரண்டி முடித்த வேகம், என் தொழிலில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.