அதிகாலை நான்கு நாற்பத்திரண்டு

மருதனார்மடச் சந்தியில், ஒரு கடைக்கு மேல்மாடியில் நாங்கள் வேலை செய்யும் கந்தோர். மற்றவர்களுக்காக நாங்கள் பராமரிக்கும் சேர்வர்களில் ஒன்றுகூட யாழ்ப்பாணத்தில் இல்லை. எந்த நாட்டில் இருக்கின்றன என்று முதலாளிக்கே சரியாகத் தெரியாது. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து பெயரும் பாஸ்வேர்டும் அடித்தால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நிறுத்தலாம், திரும்பத் தொடக்கலாம், ஒரேயடியாக அழிக்கலாம். அந்தப் பக்கத்துக்கு எங்கள் எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். ஒரு பூட்டுக்கு எத்தனை திறப்பு வேண்டும் என்று கேட்பார் முதலாளி. ஆகையால் யார் எதைச் செய்தாலும், நேரத்தோடு குறித்துவைக்கும் பதிவில் ஒரே பெயர்தான் விழும்.

கந்தோரில் எனக்கு மேலே ஒரு அண்ணை இருந்தார். வேலை தெரிந்த மனிசன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ராகு காலத்தில் ஒரு பட்டனைக்கூட அமத்தமாட்டார். வெள்ளிக்கிழமை பத்து மணியானால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கமுன் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். நாங்கள் வாய்க்குள்ளே சிரித்துக்கொள்வோம்.

அப்படியொரு வெள்ளிக்கிழமை, பருத்தித்துறையிலுள்ள தனியார் கல்வி நிலையமொன்றின் சேர்வர் காணாமற்போனது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போய்ப் பாடங்களைத் திறந்தபோதுதான் தெரியவந்தது. பரீட்சைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. நான் அன்று காலை லீவு போட்டு, அம்மாவை மானிப்பாயில் டொக்டரிடம் கூட்டிப்போய்விட்டு ஒரு மணிக்குத்தான் வந்திருந்தேன். பார்த்தால், சேர்வரை யாரோ அழித்திருந்தார்கள். சாப்பாடு தண்ணி இல்லாமல் இருந்து, புதன்கிழமைப் பிரதியிலிருந்து மீட்டெடுத்தேன். பிள்ளைகள் கடைசி இரண்டு நாளும் எழுதி அனுப்பிய விடைகள் போனது போனதுதான்.

சனிக்கிழமை, அண்ணை பதிவுப் பக்கத்தைத் திறந்து முதலாளிக்குக் காட்டினார். சேர்வர் அழிக்கப்பட்டது, வெள்ளி, 04.42.

“விடியப்புறம் உந்த நேரத்திலை இதுக்குள்ளை போறது ஆர்? பிள்ளை மட்டுந்தான்” என்று என்னைக் காட்டினார்.

ஒவ்வொரு நாளும் விடியமுன் வீட்டிலிருந்து எல்லாச் சேர்வரும் ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. அது உண்மை. அரைத் தூக்கத்தில் நான்தான் கைதவறி அழித்துவிட்டேனோ என்று எனக்கே ஐமிச்சம் வந்துவிட்டது. வேலை போவதைக்கூடப் பொறுப்பேன், என் கையையே நான் நம்பாதபடி அண்ணை செய்தாரே, அதைத்தான் இன்றைக்கும் பொறுக்கமாட்டேன். திங்கட்கிழமை கல்வி நிலைய அதிபர் வரும்போது நடந்ததை ஒப்புக்கொண்டு, விலகல் கடிதத்தையும் தந்துவிடச் சொன்னார் முதலாளி. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இந்தப் பெயரோடு வெளியே போனால் பிறகு ஒருவரும் என்னை ஒரு சேர்வரிலும் கை வைக்க விடமாட்டார்கள்.

ஞாயிறு விடிய, வழக்கம்போலப் பார்க்கையில், ஒருவருக்கும் பயன்படாத சோதனைச் சேர்வர் ஒன்றைத் திரும்பத் தொடக்கினேன். சுவர் மணிக்கூட்டில் சரியாக ஐந்தரை. பதிவைத் திறந்தேன். 00.00 என்று இருந்தது.

பதிவு எங்கள் நேரத்தில் இல்லை! உலகப் பொது நேரத்தில், எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. ஒரு கரைச்சல் வந்தால் ஒழிய அந்தப் பக்கத்தை யார் பார்த்தோம்? விரல் விட்டு எண்ணினேன். நான்கு நாற்பத்திரண்டுடன் ஐந்தரையைக் கூட்டினால் காலை பத்துப் பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை. ராகு காலத்துக்கு இன்னும் பதினெட்டு நிமிடம். பழைய சேர்வர்களைத் துப்பரவாக்குகிறேன் என்று அந்தக் கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் யார்? நான் தனியே இருந்து சிரித்ததைப் பார்த்து, உனக்கு என்ன விசரா என்று கேட்டார் அம்மா.

அண்ணைக்கு அப்போதே போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொறு ராசா, பொறு என்று கறுவிக்கொண்டு இருந்தேன்.

திங்கள் ராகு காலம் ஒன்பதுக்கு முடியும் என்று கூட்டத்தை ஒன்பது ஐந்துக்கு வைத்ததும் அவரேதான். அதிபருக்கு முன்னால் அவர் பழைய கதையை முழுவதும் திரும்பச் சொல்லட்டும் என்று விட்டேன். சொன்னார், என்னைப் பார்த்து இரக்கப்பட்டும் காட்டினார். பிறகு முதலாளியைக் கூப்பிட்டு, சோதனைச் சேர்வரை உங்கள் கையாலேயே ஒருதரம் தொடக்குங்கள் என்றேன். மணி ஒன்பது இருபது. பதிவில் 03.50 விழுந்தது. முதலாளி கணக்கில் புலி. மேசையில் விரலால் ஏதோ எழுதினார். நான் வெள்ளிக்கிழமை லீவுக் கடிதத்தை எடுத்து வைத்தேன், அவரே கையெழுத்துப் போட்டது.

“பத்துப் பன்னிரண்டுக்கு இந்தக் கதிரையிலை ஆர் இருந்தது?” என்று முதலாளி கேட்டார்.

அண்ணை பஞ்சாங்கக் கலண்டரைப் பார்த்தார். வேறெங்கே பார்ப்பார்? அவசரத்தில் பழைய சேர்வருக்குப் பதிலாக அடுத்த வரியிலிருந்ததை அழித்துவிட்டு, பத்தரைக்கு நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்திருக்கிறார்.

கூட்டம் முடிந்ததும் படியில் மறித்து, “நீர் இதை எனக்குத் தனியச் சொல்லியிருக்கலாம், பிள்ளை” என்றார். நீங்கள் என்னைத் தனியவோ குற்றம் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

அவரை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. பருத்தித்துறை அதிபரே பாவம் என்று சொல்லிவிட்டார். ஆனால் திறப்பு என் கைக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெயர் உண்டாக்கினேன். அண்ணையின் பெயருக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. ஒரு சேர்வரைத் திரும்பத் தொடக்குவதென்றாலும் என் மேசைக்கு வந்து கேட்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை வந்தார். ஒரு கடைக்காரரின் சேர்வர் உறைந்துபோய் நிற்கிறது, போனில் அந்த ஆள் ஏசுவது எனக்கே கேட்டது. ஒரு பட்டன், ஒரு நிமிட வேலை.

மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து முப்பத்தைந்து.

“இப்ப ராகு காலமெல்லோ, அண்ணை. பன்ரண்டுக்குப் பிறகு பாப்பம்.”

சொல்லிவிட்டு, ஆறுவதற்குள் என் தேத்தண்ணியைக் குடித்தேன்.