பாக்-குங்கின் முதுகில் ஒரு குளவி

சூரியன் உண்டான பிறகு வெளிச்சம் என்ற விஷயத்தில் நடந்த அடுத்த பெரிய சம்பவம், ஜூடோங் ஊரில், பன்றிக்கறிக் கடைக்கும் பைக் மெக்கானிக் கடைக்கும் நடுவே இருந்த ஒரு தகரக் கூரைக்குக் கீழேதான் நடந்தது. அங்கே ஃபான் யூ-ஷின் என்ற பதினேழு வயதுப் பெண் பூசிய ஒளிரும் திரை இருக்கிறதே, அதற்கு முன்னால் எதுவும் ஒளிந்திருக்க முடியாது. கொசுவின் முழங்கால் தெரியும். பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும் சாவியின் பல் தெரியும். மேயரின் மனசாட்சிகூடத் தெரியும். கடைசியாகச் சொன்னதை மட்டும் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. அவ்வளவு சின்னப் பொருளுக்கு ஏற்ற திரை இனிமேல்தான் வர வேண்டும்.

இப்படித்தான் யூ-ஷின் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். உண்மை இதைவிடக் கொஞ்சம் குட்டை. திரையைப் பூசியது ஒரு இயந்திரம். காற்றை உறிஞ்சிவிட்டு உள்ளுக்குள்ளேயே உப்பை ஆவியாக்கிக் கண்ணாடித் தட்டில் படிய வைக்கும். அந்த இயந்திரத்தை நிறுவியவர் முதலாளியம்மா ஸெங் வென்-சூ. யூ-ஷினின் வேலை தட்டைத் துடைத்து உள்ளே வைப்பது, முடிந்ததும் வெளியே எடுப்பது. பேக்கரியில் தட்டு மாற்றுகிறவன் கோதுமையைக் கண்டுபிடித்தவனே தான்தான் என்று சொல்லிக்கொண்ட மாதிரி. தொழிற்பள்ளியில் மின்சாரப் பிரிவில் இரண்டாம் வருடத்தோடு நின்றவள் அவள். காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியர் வாயைத் திறந்தபோதெல்லாம் ஒலிபெருக்கியில் வாத்துக் கத்தும்படி செய்ததால்தான் அனுப்பிவிட்டார்கள் என்பாள். மதிப்பெண்களும் வாத்து முட்டைகளாகவே இருந்ததைச் சொல்ல மாட்டாள்.

ஆனால் அந்தத் திரையைப் பற்றி அவளுக்குப் பாதி தெரியும். எக்ஸ்ரே கண்ணுக்குத் தெரியாது. அது திரையில் பட்டால் திரை பச்சையாக ஒளிரும், அந்த ஒளியைக் கேமரா பிடித்துக்கொள்ளும். சீசியம் உப்பு கண்ணாடிமேல் புல் முளைத்த மாதிரி, நுண்ணிய ஊசிகளாக நெருக்கியடித்து நிற்கும். ஒரு ஊசிக்குள் பிறந்த வெளிச்சம் அடுத்த ஊசிக்குள் எட்டிப் பார்க்காமல் நேரே கேமராவுக்கு ஓடிவிடும். படம் அவ்வளவு கூர்மையாக வருவது அதனால்தான்.

"நம்ம சந்துல யாருக்கும் இல்லாத ஒழுக்கம் இந்த உப்புக்கு இருக்கு," என்பாள் யூ-ஷின். "பக்கத்து வீட்டு விஷயத்துல தலையிடாது."

அந்த உப்புக்கு ஒரே எதிரி ஈரம். மேலே மெல்லிய உறை போட்டு மூடும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் ஊசிகள் கரைந்து கூழாகிவிடும். அதனால் பட்டறைக்குள் ஈரத் தலையோடு வரக்கூடாது, சூப் கொண்டுவரக்கூடாது, தும்மல் வந்தால் தெருவுக்கு ஓட வேண்டும்.

சூப்புக்காக அவள் ஓடுகிற இடம் எதிரிலேயே இருந்தது. பெங் ஜின்-ஷுய்யின் பட்டையான அரிசி நூடுல்ஸ் கடை. அவருக்கு ஐம்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. எல்லோருக்கும் ஷுய் மாமா. யூ-ஷினின் அம்மா தாய்சுங்கில் வேலை பார்க்கிறாள், மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவாள். மற்ற நாட்களில் பெண்ணுக்கு ராத்திரிச் சாப்பாடு இங்கேதான். இரத்த உறவு கிடையாது, சூப் உறவு மட்டும்தான். அவர் அவளுடைய கிண்ணத்தில் மட்டும் நூடுல்ஸுக்கு அடியில் ஒரு முட்டையை ஒளித்து வைப்பார். அவள் அதைப் பார்க்காத மாதிரியே தின்றுவிட்டு, "இன்னிக்கும் உப்பு பத்தல மாமா," என்று சொல்லிவிட்டுப் போவாள். இருவருக்கும் நன்றி சொல்லும் பழக்கம் இல்லை.

சந்து முனையில் பாக்-குங் சாமிக்கு ஒரு சின்னக் கோயில். ஒரு சாண் உயரத்தில், கற்பூர மரத்தில் செதுக்கிய தாடிக்காரக் கிழவர், நிலத்தைக் காக்கிறவர். இந்த வருடம் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் முறை ஷுய் மாமாவுக்கு வந்திருந்தது. அந்த நேரம் பார்த்துச் சூறாவளி கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. சாமி நனைந்து சாயம் உரிந்தார். ஷுய் மாமா அவரைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, லூகாங்கில் ஒரு சிற்பியிடம் கொடுத்துச் சரி செய்து கொண்டுவந்தார். திரும்பி வந்த சாமிக்குக் கன்னம் சிவந்திருந்தது, தாடி கறுத்திருந்தது. முப்பது வயது குறைந்திருந்தார்.

யூ-ஷின் பார்த்தாள். வாய் சும்மா இருக்குமா?

"இது நம்ம சாமி இல்ல. சாமியோட தம்பி."

சந்தே சிரித்தது. ஷுய் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நாளில் சிரிப்பு தீர்ந்துபோனது, பேச்சு மட்டும் மிச்சம் இருந்தது. பழைய கற்பூர மரச் சாமிக்குத் தாய்பேயில் நல்ல கிராக்கியாம். ஷுய் பழையதை விற்றுவிட்டுப் புதியதை வைத்துவிட்டானாம். இதை நடுத்தெருவில் நின்று சொன்னது கடுகுக்கீரை ஊறுகாய் போட்டு விற்கும் லியாவ் அத்தை.

"அத்தை, பெயிண்ட் அடிச்சிருக்கு. அவ்வளவுதான்," என்றார் ஷுய் மாமா.

"என் மருமகளும்தான் தினம் மூஞ்சிக்குப் பெயிண்ட் அடிக்கிறா. எனக்கு அடையாளம் தெரியாமயா போகுது?"

"வேணும்னா கட்டை உருட்டிச் சாமிகிட்டயே கேட்டுப் பாருங்களேன்."

"போலிச் சாமி நான் போலின்னு எப்படிடா ஒத்துக்கும்?"

சந்து அதற்கும் தலையாட்டியது.

நூடுல்ஸ் கடையில் கூட்டம் குறைந்தது. ஆவி மட்டும் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தது, முக்காலிகள் காலியாகக் கிடந்தன. வருகிற பௌர்ணமியன்று கோயில் சாவியைக் கொடுத்துவிட்டு, கடையையும் மூடிவிட்டு, ஹுவாலியனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதாக ஷுய் மாமா சொன்னார். யூ-ஷின் அன்றைக்கு முட்டையைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டுப் போனாள்.

அவரைக் காப்பாற்ற ஒரு குளவியால்தான் முடியும். சாமிக்கு உயிர் வர வேண்டும் என்று முதுகில் துளை போட்டு, உயிருள்ள குளவி ஒன்றை உள்ளே விட்டு அடைப்பது வழக்கம். இந்தப் பாக்-குங்கிற்குக் குளவி பிடித்தது ஷுய் மாமாவின் அப்பா. அது அவர் உதட்டில் கொட்டியது. கோபத்தில் அவர் இழுத்த இழுப்பில் அதன் கால் ஒன்று கையோடு வந்துவிட்டது. வீங்கிய உதட்டோடு அவர் பெண் பார்க்கப் போன கதையை லியாவ் அத்தையே எத்தனையோ கல்யாணத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். ஆக, உண்மையான சாமிக்குள் இருப்பது ஐந்து கால் குளவி. முதுகைத் திறந்தால் சாமி போய்விடும், திறக்காமல் பார்க்க வேண்டும். எலும்பு டாக்டர் ஒருவர் இரக்கப்பட்டுப் படம் எடுத்துக் கொடுத்தார். குளவியோடு வைத்து அடைத்த ஓர் ஆணியும் ஒரு காசும்தான் தெரிந்தன.

"பூச்சிக்கு எலும்பு கிடையாதுங்க," என்றார் டாக்டர். அவர் சொன்னது லியாவ் அத்தை வாயில், "பூச்சியே கிடையாதாம்" என்று ஆனது.

மறுநாள் யூ-ஷின் பட்டறையில், அப்போதுதான் வெளியே எடுத்த புதுத் திரையைக் கையில் ஏந்திக்கொண்டு, முதலாளியம்மாவிடம் இழுத்தாள்.

"அக்கா, திரைக்குச் சோதனைப் படம் எடுப்போமில்ல..."

"ஆமா. வழக்கம்போலக் கருவாடு வை."

"கருவாட்டுக்குப் பதிலா சாமிய வைக்கலாமா?"

ஸெங் வென்-சூ காற்றை உறிஞ்சும் பம்பின் முள்ளைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். "வை. ஷுய் பாவம். நேத்து என்ன பண்ணியிருக்காரு தெரியுமா? சாமியோட தம்பின்னு மொதல்ல சொன்னது யாருன்னு லியாவ் அக்கா எல்லார் முன்னாடியும் கேட்டிருக்காங்க. நான்தான் தமாஷுக்குச் சொன்னேன்னுட்டாராம். வித்தவனே வாய் தவறி உளறிட்டான்னு இப்ப அதையும் சேத்துப் பேசறாங்க."

யூ-ஷின் கையிலிருந்த திரைமேல் குனிந்து நின்றாள். வாய்க்கும் மூக்குக்கும் முகமூடி இருந்தது, கண்ணுக்கு யாரும் முகமூடி தைத்துக் கொடுக்கவில்லை. திரையில் இரண்டு சொட்டு விழுந்தது. வெள்ளை உப்பு அந்த இரண்டு இடத்திலும் சட்டென்று கண்ணாடி மாதிரி ஆனது. முதலாளியம்மா திரும்புவதற்குள் அவள் திரையை உறை போடும் பெட்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள்.

சாமியைப் படம் எடுக்க அவரிடமே அனுமதி கேட்டார்கள். பிறை வடிவக் கட்டைகள் இரண்டை உருட்டினால் ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழ வேண்டும், அதுதான் சம்மதம். முதல் தடவை இரண்டும் நிமிர்ந்து விழுந்தன. சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். மறுபடி உருட்டியபோதும் சிரித்தார்.

"சட்டையக் கழட்டச் சொல்வாங்கன்னு வெக்கப்படறாரு போல," என்றாள் யூ-ஷின். "சாமி, சட்டையோடயே எடுக்கறோம்!"

அடுத்த உருட்டலில் சம்மதம் கிடைத்தது.

ஈயக் கதவு போட்ட எக்ஸ்ரே பெட்டிக்குள், புதுத் திரைக்கு முன்னால், பாக்-குங் முதுகு காட்டி உட்கார்ந்தார். வெளியே கம்ப்யூட்டருக்கு முன்னால் ஷுய் மாமா வியர்த்துக்கொண்டு நின்றார். லியாவ் அத்தை முக்காலியைப் போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

"வெற்றுப் படம் எடுத்துட்டியா?" என்று கேட்டார் முதலாளியம்மா.

பெட்டிக்குள் எதுவும் இல்லாமல் முதலில் ஒரு படம் எடுக்க வேண்டும். அதில் திரையின் சொந்தக் கறைகள் மட்டும் விழும். யூ-ஷின் இதைப் பற்றி ரொம்ப யோசித்து வைத்திருந்தாள். வெற்றுப் படம் எடுத்தால் அந்த இரண்டு சொட்டும் பளிச்சென்று தெரிந்துவிடும். எடுக்காவிட்டால் தெரியாது. எவ்வளவு பெரிய மூளை!

"ஆச்சுக்கா."

படம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது. மரத்தின் வரிகள் வந்தன. பிறகு முதுகுத் துளை, அடைப்பு, ஆணி, காசு. காசுக்குப் பக்கத்தில் மங்கலாக ஒரு நிழல் கிடந்தது. அது மெல்ல இறக்கை ஆனது, இடுப்பு ஆனது, கொடுக்கு ஆனது.

"காலை எண்ணுங்க," என்றார் முதலாளியம்மா.

லியாவ் அத்தை ஊறுகாய் மணக்கும் விரலைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து எண்ணினாள். "இந்தப் பக்கம் மூணு. அந்தப் பக்கம்... ரெண்டு." மறுபடி எண்ணினாள். இரண்டுதான். ஷுய் மாமா தானும் ஒரு தடவை எண்ணினார்.

அப்போதுதான் அத்தை நிமிர்ந்து படம் முழுவதையும் பார்த்தாள். குளவிக்கு மேலே, ஒன்றுக்கொன்று நேராக, வட்டமாக, இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. முக்காலி உருண்டது. அத்தை தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"சாமி உள்ள இருந்து பாக்குது! ஐயோ, என்னப் பாக்குது! மன்னிச்சுக்கப்பா!"

யூ-ஷினுக்கு உடம்பெல்லாம் இனித்தது. வாழ்நாள் முழுக்கத் திட்டம் போட்டாலும் இப்படி ஒரு குறும்பு அமையாது. விட்டிருந்தால் அன்றைக்கே பட்டறை வாசலில் ஊதுபத்தி ஏற்றியிருப்பார்கள். ஸெங் வென்-சூ விடவில்லை.

"சாமிய வெளிய எடு. காலியா ஒரு படம் எடு."

எடுத்தாள். சாமி போய்விட்டார். குளவி போய்விட்டது. கண்கள் இரண்டும் அங்கேயே இருந்தன.

அத்தை எழுந்த வேகத்தில் பாவாடையில் ஒட்டிய தூசிகூடப் பின்தங்கிவிட்டது. "அப்ப இது பித்தலாட்டம்! கண்ணு பொய்னா குளவியும் பொய்தானே? இந்தக் குட்டி வேலைதான் இது. வாத்து கத்த வெச்சவதானே இவ!"

ஷுய் மாமாவின் முகம் பழையபடி தொங்கியது. "ஏம்மா, என்னது இது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கூரை ஒழுகிச்சு மாமா," என்றாள் யூ-ஷின்.

"ரெண்டு வாரமா மழையே இல்லடி!" என்றாள் அத்தை.

ஸெங் வென்-சூ பெருமூச்சு விட்டார். "வெற்றுப் படத்த மொதல்லயே எடுத்திருந்தா, திரையில இருக்கற கறைய இந்த மிஷினே கழிச்சுட்டிருக்கும். அதுக்குத்தான் அந்தப் படமே. ஒரு ஈ காக்காவுக்கும் தெரிஞ்சிருக்காது. ஒளிக்கறதுக்குன்னே செஞ்சு வெச்சிருக்கற வழிய அடைச்சுட்டு, நட்ட நடுவுல ஒளிச்சிருக்க."

யூ-ஷினுக்குப் பள்ளிக்கூடத்து வாத்துகள் எல்லாம் ஒரே குரலில் கத்துவது கேட்டது.

முதலாளியம்மா திரையைக் கழற்றி வெளியே எடுத்தார். இரண்டு கறைகளின் மேலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து வைத்து அளந்தார். விரல்களை அசைக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து யூ-ஷினின் முகத்துக்கு முன்னால் பிடித்தார். ஒரு விரல் இடது கண்ணுக்கு நேராக நின்றது, மற்றது வலது கண்ணுக்கு.

லியாவ் அத்தை கிட்டே வந்து விரலைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள்.

"இங்கயே நின்னது இவளோடது," என்றாள் கடைசியில். குரல் பாதியாக இறங்கியிருந்தது. "சாமியோட வெளிய போனது சாமியோடது." ஷுய் மாமா பக்கம் திரும்பாமலே சேர்த்துச் சொன்னாள்: "நாளைக்கு எனக்கு ரெண்டு கிண்ணம் எடுத்து வைடா. என் கடுகுக்கீரை நானே கொண்டாறேன், உன் கடைல இருக்கறது வாயில வைக்க முடியல."

ஷுய் மாமா பாக்-குங்கைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு யூ-ஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூரைய வேணா நான் வந்து அடைச்சுத் தரட்டுமாம்மா?" என்றார். "ரெண்டு ஓட்டதானே?"

யூ-ஷின் முகமூடியை மேலே இழுத்தாள். அது மூக்குவரைதான் வந்தது.