ஐந்து இலைகளின் கசப்பு

ஏரியூருக்கு அருகே எங்கள் வீட்டு வேலியோரம் சிறியாநங்கைச் செடிகள் தழைத்து நிற்கின்றன. ஒருமுறை ஊர்ப்பள்ளி விழாவில் அச்செடியைப் பற்றி உரையாற்றினேன். அதன் இலையை நாள்தோறும் உண்பவர் உடலில் பாம்பின் நஞ்சு ஏறாது என்னும் பழைய நம்பிக்கையை எதுகை மோனையோடு எடுத்துரைத்தேன். அதன் சாறு ஆய்வகக் குப்பியில் நஞ்சை ஓரளவு தடுக்கக்கூடும். கடியுண்டவரைக் காக்கும் என்பதற்குச் சான்றில்லை. இதையும் நான் படித்திருந்தேன். சொன்னால் உரையின் ஓட்டம் கெடும் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்து நிலத்து உழவர் பெண்மணி அவ்வுரையைக் கேட்டிருந்தார். மறுநாள் விடியலிலேயே வேலியருகே வந்து நின்றார். வெறும் வயிற்றில் ஐந்து இலைகள் வீதம் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாளும் தவறாமல் உண்டார். அவர் கணவரோ ஓர் இலையைக் கடித்த உடனே துப்பிவிட்டார்.

"இனிமே இவளக் கடிச்சா பாம்புக்குத்தாங்க ஊசி போடணும்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

மண்டலம் முடிந்த சில நாட்களில், நிலக்கடலை பறித்துக்கொண்டிருந்த அவ்வம்மையாரை நல்லபாம்பு கணுக்காலில் தீண்டியது. கணவரின் கூக்குரல் கேட்டு ஓடினேன். அம்மையாரோ புளியமரத்தடியில் அமர்ந்து, அமைதியாக இலையை மென்றுகொண்டிருந்தார். இலை கசந்தால் நஞ்சு ஏறவில்லை என்று கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம்.

"கசக்குதுங்க ஐயா. ஒண்ணும் ஆவாது. ஆஸ்பத்திரி எதுக்குங்க?"

"வண்டியக் கூப்புட வேணாங்கறாளுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பா" என்றார் கணவர்.

கால் வீங்கத் தொடங்கியிருந்தது. அம்மையார் என்னை நிமிர்ந்து பார்க்க முயன்றார். இமைகள் தாமே சரிந்தன.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. இந்த இலை காப்பாத்தாது. கிளம்புங்க."

"நாப்பத்தெட்டு நாளு தின்னனுங்களே! பள்ளிக்கூடத்துல அத்தன பேரு முன்னால சொன்னீங்களே!"

"அத்தனை பேர் முன்னாலயும் தப்பாத்தான் சொன்னேன்."

அவர் வாயிலிருந்த இலையைத் துப்பினார். மறுமொழி கூற முயன்றபோது நாக்குக் குழறியது. கணவர் அவரைத் தூக்கிக்கொண்டார். காய்கறி ஏற்றிச் செல்லும் சிற்றுந்து ஒன்றை நிறுத்திப் பென்னாகரம் மருத்துவமனைக்கு விரைந்தோம். நஞ்சுமுறி மருந்து நரம்புவழி இறங்கியது. இரண்டு நாட்கள் கருவியின் துணையால்தான் மூச்சுவிட்டார். அவ்விரு நாட்களும் கணவர் என்னருகே அமர்ந்திருந்தார்; ஒரு சுடுசொல்கூடக் கூறவில்லை. தேநீர் வாங்கிவந்து, "நீங்க மொதல்ல குடிங்க" என்றார். அந்தக் கனிவைத் தாங்குவது எனக்கு அரிதாக இருந்தது.

அம்மையார் பிழைத்தார். வீடு திரும்பிய மறுவாரம், கட்டுப்போட்ட காலை இழுத்தபடி, கணவரோடு எங்கள் வேலியருகே வந்தார். அதே பள்ளியில் ஊராரைக் கூட்டி என் பிழையைத் திருத்திக் கூறப்போவதாகச் சொன்னேன்.

"நானும் வரனுங்க. கால நானே காட்டறன்" என்றார்.

பிறகு குனிந்து ஐந்து இலைகளைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். "இன்னிக்கு நீங்க தின்னுங்க."

தின்றேன். அவர் முகத்தைச் சாய்த்து என் முகத்தையே பார்த்தார். "கசக்குதுங்களா?"

தலையசைத்தேன்.

"அப்ப ஐயாவுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் கணவர்.