தீர்க்கதரிசி நார்பர்ட் தூக்கிய கை

மில்வாக்கியின் தெற்குப் பக்கத்தில் நார்பர்ட் கூபியாக் என்று கேட்டால் சிலர் உதட்டைப் பிதுக்கலாம். தீர்க்கதரிசி என்று கேளுங்கள், கையைப் பிடித்து, பெவ் என்கிற அம்மா நடத்தும் பாரில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அறுபத்தொரு வயது. குளிர்காலம் முழுக்க மாநகராட்சிக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டுவார். பனி உருகியதும் அதே தெருக்களில் குழி அடைப்பார். ஆனால் ஊரில் அவருக்கு மரியாதை வாங்கித் தந்தது லாரி இல்லை, வாய்.

அந்தப் பட்டம் வந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். எங்கள் ஊர்க் கால்பந்துக்குப் பெயரில்தான் கால். ஆட்டமெல்லாம் கையாலும் தோளாலும்தான். கல்லூரியில் ஆடி முடித்த பையன்களைப் பெரிய அணிகள் வரிசையாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் ஏப்ரல் கடைசியில் நடக்கும். ஈஸ்டர் முடிந்தால் எங்களுக்கு அடுத்த திருநாள் அதுதான். அந்த வருஷம் எங்கள் மாநில அணி ஓடிப்போய்ப் பந்து பிடிக்கிற ஒரு சூரப்புலியை எடுக்கும் என்று டிவிக்காரர்கள் அடித்துச் சொன்னார்கள். நார்பர்ட் மட்டும் டகோட்டா பக்கத்தில் ஏதோ குட்டிக் கல்லூரியில் ஆடிய ஒரு குண்டுப் பையன் பெயரைச் சொன்னார்.

"பந்து எறியறவனுக்கு முன்னால காவல் நிக்கற ரெண்டு பேருக்கும் முட்டி போயிடுச்சு. அவனுக்கு எலும்பு மிஞ்சணும்னா இந்தத் தடியனத்தான் எடுப்பாங்க," என்றார்.

பார் முழுக்கச் சிரித்தது. அந்தத் தடியனைத்தான் எடுத்தார்கள். அன்றைக்கு அவரைத் தூக்கி பார் மேடைமேல் உட்காரவைத்து, "இனிமே இவன் நார்பர்ட் இல்லடா, தீர்க்கதரிசி" என்று அறிவித்தவர் ரே ஜெலின்ஸ்கி. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்; நார்பர்ட்டுக்குப் பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர்.

பட்டம் வந்தால் அதைக் காப்பாற்ற வேண்டுமே. நார்பர்ட் மெல்ல மெல்ல ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். நம்ம அணி ஜெயிக்கும் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். அது ஜெயித்தால் யார் சொன்னது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. தோற்கும் என்று ஒரே ஒரு ஆள் சொல்லி, அது தோற்றுப்போனால் அந்த ஆளை மறப்பதே இல்லை. ஆகவே கூடைப்பந்தில் கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள், பிளே-ஆஃப், வரும்போதெல்லாம் அவர் ஊர் அணிக்கு எதிராகவே சொல்ல ஆரம்பித்தார். பலிக்காத வருஷங்களும் உண்டு. அப்போது ஊரே ஜெயித்த குஷியில் இருக்கும். தீர்க்கதரிசி என்ன சொன்னார் என்று யார் நினைப்பார்கள்? அவரும் ஞாபகப்படுத்த மாட்டார்.

இதைக் கெட்ட புத்தி என்று அவர் நினைத்ததே இல்லை. தான் நேர்மையானவன் என்றுதான் நினைத்தார். மற்றவர்கள் ஆசையைச் சொல்கிறார்கள், நான் நடக்கப்போவதைச் சொல்கிறேன் என்பார். சொல்லும்போது லேசாக மார்பு விரியும்.

இந்த வருஷம் ஜனவரியில் ரேயின் மனைவி மார்லீன் போய்ச் சேர்ந்தார். ரே வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். போதாக்குறைக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆப்பரேஷனுக்குத் தேதி கிடைக்கவில்லை. பக்கத்தில் இருக்கிற ஆள் முகம் தெரியும், பத்தடி தள்ளினால் எல்லாம் பால் ஊற்றின மாதிரி. பிளே-ஆஃப் தொடங்கியதும் நார்பர்ட்தான் அவரை வலுக்கட்டாயமாக பாருக்கு இழுத்து வந்தார். இதில் அவருக்கு நல்ல பேர் கொடுத்தே ஆக வேண்டும். பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்து, திரையில் நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். ரே அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "விழுந்துதா? விழுந்துதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் டிவியில் பார்த்த ஆட்டத்தை ரே நார்பர்ட்டின் முகத்தில் பார்த்தார்.

முதல் சுற்று. ஏழு ஆட்டம்; முதலில் நாலு ஜெயிக்கிறவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். நார்பர்ட் வழக்கம்போல், "ஏழுவரைக்கும் இழுப்பாங்க. ஏழாவதுல தோப்பாங்க," என்று பெவ்வின் கரும்பலகையில் எழுதிவிட்டார். குழாய் வேலை செய்கிற டுவேன், "உன் வாயில என்னிக்காவது நல்ல வார்த்தை வந்திருக்காய்யா?" என்று கத்தினார். நார்பர்ட் சிரித்தார்.

இரண்டு பக்கமும் மூன்று மூன்று ஜெயித்து, சொன்னபடியே ஏழாவதுக்கு வந்து நின்றது. நடுவில் டிராஃப்ட்டும் நடந்து, அதிலும் மாநில அணி எடுத்த பையன் நார்பர்ட் சொன்ன பையனாகவே இருந்துவிட்டான். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே வருஷத்தில் இரண்டும் பலித்ததே கிடையாது. இது மட்டும் நடந்துவிட்டால் செத்த பிறகும் பேசுவார்கள் என்று குழி அடைக்கும்போதுகூட அதே நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ரே கேட்டார்.

"டேய் நார்ப், அந்தப் பலகையில எழுதினத அழிச்சிடேன். ஒரே ஒரு தடவ, ஜெயிப்போம்னு சொல்லு."

"நான் சொன்னா பந்து கேக்குமா?"

"பந்துக்கு இல்லடா. எனக்கு."

"சொன்னா சொன்னதுதான் ரே. உனக்காகப் பொய் சொல்லச் சொல்றியா?"

ரே அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆட்டத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். கடைசி நேரத்தில் நாங்கள் ஒரு புள்ளி பின்னால். பந்து நம்ம பையன் கையில். பெவ் துடைத்துக்கொண்டிருந்த கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். நார்பர்ட்டும் வர்ணிப்பதை நிறுத்திவிட்டார். பையன் எம்பி எறிந்தான். பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, இன்னொரு அரைச் சுற்றுச் சுற்றி, வெளியே உருண்டு விழுந்தது.

நார்பர்ட்டின் கை மேலே போனது. முஷ்டி மடக்கி, தோளுக்கு மேலே. "அப்படிப் போடு," என்று வாய் சொன்னது. யோசித்துச் செய்யவில்லை. ஆனால் சந்தோஷம் யோசித்தா வருகிறது? பன்னிரண்டு வருஷமாக வளர்த்த சந்தோஷம், தானே எழுந்து நின்றது.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்த ரேயும் கூடவே எழுந்தார். பல்லெல்லாம் தெரிகிற சிநேகிதன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். அவ்வளவுதான். நார்பர்ட்டை அப்படியே கட்டிப்பிடித்து, வழுக்கைத் தலையில் முத்தம் கொடுத்து, "ஜெயிச்சிட்டோம்," என்று பார் அதிரக் கத்தினார். "மார்லீன், ஜெயிச்சிட்டோம்டி."

தலையில் கை வைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவர்கள் பார்த்தது ரேயைத்தான். நார்பர்ட்டின் கை ரேயின் அணைப்புக்குள் மறைந்துபோயிருந்தது.

"யோவ் ரே, யாரு ஜெயிச்சா? எந்த ஊர்க்காரன்யா நீ?" என்று டுவேன் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"விடு டுவேன்," என்றார் பெவ். குரலைத் தாழ்த்தினாலும் எல்லாருக்கும் கேட்டது. "பொண்டாட்டி போனதுலேர்ந்து பாவம், ஒரு மாதிரி ஆயிட்டாரு."

ரே ஒவ்வொரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் நார்பர்ட் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம் அதுதான். என்னால்தான், நான்தான் கையைத் தூக்கினேன் என்று சொன்னால் இரண்டு பேர் திட்டியிருப்பார்கள், ஒருத்தர் பீரைத் தலையில் கொட்டியிருப்பார், முடிந்துபோயிருக்கும். நார்பர்ட் என்ன செய்தார் தெரியுமா? முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஊரோடு சேர்ந்து துக்கப்படுகிற குரலில், "இல்ல ரே. பந்து வெளிய போயிடுச்சு. தோத்துட்டோம்," என்றார்.

"அப்படியா," என்றார் ரே. பிறகு எல்லாரையும் பார்த்துப் பொதுவாக, "கண்ணு சரியில்ல. விழுந்துதுன்னு நெனச்சுட்டேன். மன்னிச்சுக்கங்கப்பா," என்றார். நார்பர்ட்டின் பெயரை எடுக்கவே இல்லை.

அந்த வாரம் நார்பர்ட்டுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. லாரி டெப்போவில் கூட வேலை செய்கிறவர்கள் முதுகில் தட்டி, "டிராஃப்ட்டும் பலிச்சுது, ஏழாவது ஆட்டமும் பலிச்சுது, லாட்டரி நம்பர் ஒண்ணு சொல்லேன்" என்றார்கள். செத்த பிறகும் பேசுவார்கள் என்று ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. கூடவே இன்னொரு பேச்சும் கிடைத்தது. ரே ஜெலின்ஸ்கிக்கு மண்டை கலங்கிவிட்டதாம், செத்த பொண்டாட்டியோடு பேசுகிறாராம், தோற்றதற்குக் குதித்தாராம். இதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. பரிதாபப்பட்டுத்தான் சொன்னார்கள். நார்பர்ட் தாரை மண்வாரியில் அள்ளிக் குழியில் கொட்டினார். அந்தக் குழிக்குள் தன்னையும் போட்டு ரோலர் ஏற்றிவிட்டால் தேவலை என்றிருந்தது.

மனைவி ஜெரியிடம் நடந்ததைச் சொன்னார். ஜெரி கேட்டுக்கொண்டே துணி மடித்தார்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நானா குதிச்சேன்?" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் பக்கத்தில் வெள்ளி சாயங்காலம் என்றால் வறுத்த மீன். காட் மீன், உருளைக்கிழங்கு அடை, ஆப்பிள் கூழ், ரை ரொட்டி. பெவ்வின் பாரில் நிற்க இடமிருக்காது. சொன்னது பலித்தவருக்கு அன்றைக்கு மீன் இனாம். பெவ் மேடைமேல் தொங்கும் மணியை அடித்து, தட்டை எடுத்து வந்து நார்பர்ட் முன்னால் வைத்தார். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள்.

ரேயும் வந்திருந்தார். வராமல் வீட்டில் இருந்தால் பேச்சு இன்னும் கூடும் என்று நினைத்தாரோ என்னவோ, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டுவேன் அவர் தட்டைக் காட்டி, "ரே, மீனு இங்க இருக்கு பாருங்க, தெரியுதா? இல்ல, மார்லீன்கிட்ட கேட்டுச் சொல்லவா?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ரேயும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் நார்பர்ட்டால் தாங்க முடியவில்லை.

எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. அன்னிக்குக் குதிச்சது ரே இல்ல. நான். பந்து வெளிய போனதும் நான்தான் கைய தூக்கினேன். என் வார்த்த பலிச்ச சந்தோஷத்துல தூக்கினேன். என் மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் ஜெயிச்சோம்னு ரே நெனச்சாரு. அப்புறம் ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னேன்."

எந்தப் பக்கத்திலிருந்து முதல் கிளாஸ் பறந்து வரும் என்று நார்பர்ட் காத்திருந்தார்.

டுவேன் எழுந்து வந்தார். தோளில் கை போட்டார். கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களாய்யா? சிநேகிதன் தலைகுனியக்கூடாதுன்னு பழிய எடுத்துத் தன் தலையில போட்டுக்கறான் மனுசன்."

"இல்ல டுவேன், சத்தியமா நான்தான்."

"சரி சரி, நீதான். ரே, நான் பேசினது தப்புங்க. இப்படி ஒரு சிநேகிதன் இருக்கறப்ப நான் யாரு உங்களக் கேலி பண்ண?"

"என்ன நம்புங்கப்பா. என் கைதான்."

சொல்லச் சொல்ல அவர்களுக்கு அவர்மேல் அன்பு பெருகியது. பெவ் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் பிராந்தி கலந்து வைத்தார். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பிறகு பார் முழுக்கக் கைதட்டியது. பன்னிரண்டு வருஷத்தில் அவருக்கு இவ்வளவு பெரிய கைதட்டல் கிடைத்ததில்லை. ரேயைப் பார்த்த பார்வைகளில் பரிதாபம் இன்னும் ஒரு படி கூடியிருந்தது. பாவம், அவருக்காக இன்னொருத்தர் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று.

நார்பர்ட் உட்கார்ந்தார். பக்கத்தில் ரே மீனைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் நம்பறேன்," என்றார் ரே, மற்றவர்களுக்குக் கேட்காமல். "உன் கைய நான்தானே பிடிச்சிட்டிருந்தேன். அது மேல போனது எனக்குத் தெரியாதா?"

"ரே..."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பந்து வளையத்துல சுத்திட்டிருந்துதுன்னு சொன்னாங்க. அது சுத்தறப்ப, உள்ள போயிடும்னு நெனச்சுக் கைய தூக்கினியா? இல்ல, வெளிய விழுந்த பிறகா?"

கேள்வியிலேயே ரே ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். சுத்தறப்பதான் என்று ஒரு வார்த்தை. யாருக்கும் நஷ்டமில்லை. அந்த அரை நொடியாவது இரண்டு பேரும் சேர்ந்து ஜெயித்ததாக ரே வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார். நார்பர்ட்டுக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் இந்த மட்டும் உண்மை பேசிவிட்டால் தன் அழுக்கு கொஞ்சமாவது போகும் என்று தோன்றிவிட்டது. அப்போதும் அவருக்குத் தன்னைப் பற்றித்தான் யோசனை.

"விழுந்த பிறகு," என்றார்.

ரே விரலில் இருந்த எண்ணெயைக் காகிதத்தில் துடைத்தார். ஒவ்வொரு விரலாக, நிதானமாக.

"அதையாவது எனக்காகப் பொய் சொல்லியிருக்கலாமேடா," என்றார்.

சுற்றிலும் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.